தீர்ந்து போன பால் எங்கே போனது?

ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த காலம் அது. மே மாதம், கோடை விழா வாரம், அண்ணா பூங்கா பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, ஒரு ரூம் கிடைக்குமா என்று ஆள் மாற்றி ஆள் போன் செய்துகொண்டே இருப்பார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து எங்களிடம் தங்கியிருந்த வயதான தம்பதி இரவு சாப்பாடு முடிந்து என் மேசைக்கு வந்தார்கள். நாளைக் காலை பகோடா பாயிண்டை செக் அவுட் செய்யப் போகிறோம், ஆறு மணிக்கு டீ கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டார். என் காதில் விழுந்தது நாளை, காலை, செக் அவுட், இந்த மூன்றும்தான். "ஷ்யூர் மேடம்" என்று தலையாட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக பில் போட்டு வைத்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அந்த ரூமை பெங்களூரிலிருந்து வருகிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தும்விட்டேன்.

காலையில் பனியில் நடந்து மூக்கு சிவந்து சந்தோஷமாகத் திரும்பி வந்த அந்தப் பெரியவரிடம் பில்லை நீட்டினேன். அவர் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாலு பெட்டியோடு சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த பெங்களூர் குடும்பத்தைப் பார்த்தார்.

"அவங்க காலி பண்றாங்கன்னு உனக்கு யாருப்பா சொன்னது?" என்றார் மேனேஜர்.

"அவங்களேதான் சார் சொன்னாங்க."

செக் அவுட் என்றால் ரூமைக் காலி செய்வது மட்டும் இல்லை, சும்மா போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதும் செக் அவுட்தான் என்பதை அன்றைக்கு மேனேஜர் வாயால், இங்கே எழுத முடியாத சில சொற்களோடு சேர்த்துத் தெரிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் நான் ஆங்கிலமே தெரியாதவன் இல்லை. பி.காம். முடித்ததும் சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தவன். முதல் நாளே நகல் எடுத்த ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். ஃப்ரேசல் வெர்ப் பட்டியல், அகர வரிசையில். ஒரு வினையோடு அப், அவுட், ஆஃப் மாதிரி ஒரு குட்டிச் சொல் வாலாக ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுமே, அதுதான். பிரேக் டவுன், பிரேக் இன், பிரேக் அவுட், பிரேக் ஆஃப், பிரேக் த்ரூ என்று ஒரே வினைக்குப் பத்து வால். ஒரு நாளைக்குப் பத்து மனப்பாடம் செய்ய வேண்டும், மறுநாள் ஒப்பிக்க வேண்டும். கால் ஆஃப் என்றால் ரத்து, கால் ஆன் என்றால் போய்ப் பார்ப்பது, கால் ஃபார் என்றால் வேண்டுவது என்று ஒப்பித்துக்கொண்டே ஐந்து ரோடு வரை நடந்து வருவேன், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எந்த வால் எந்த மாட்டுக்கு என்று கலந்துவிடும். சி எழுத்தைத் தாண்டவே இல்லை. அப்படிப் பட்டியல் போட்டுக் கற்பிப்பதை இன்றைக்கும் எங்கேயாவது பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அது பாடம் இல்லை, டெலிபோன் டைரக்டரி.

எனக்கு உருப்படியாகக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் விடுதியின் சமையல் மாஸ்டர். மலைக்காரர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். ஆனால் காலையில் சமையலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, "தம்பி, வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் மில்க், டவுனுக்குப் போன் போடு" என்பார். எப்படி மாஸ்டர் இப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெள்ளக்காரங்க பேசறதக் கேட்டதுதான் தம்பி. பால் தீர்ந்து போச்சுன்னா அவங்க அப்படித்தான் சொல்றாங்க."

"ரன்னுன்னா ஓடறது மாஸ்டர். பால் எங்க ஓடுச்சு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாம தீர்ந்து போச்சுங்கறோம். அது எங்க போச்சு?"

எனக்குப் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். பால் தீர்ந்து போச்சு, துணி கிழிந்து போச்சு, மனசு வெறுத்துப் போச்சு, எதுவும் எங்கேயும் போகவில்லை. விட்டுக்கொடு என்கிறோம், யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. பார்த்துக்கொள் என்றால் வெறும் பார்வை இல்லை, லுக் ஆஃப்டரிலும் வெறும் பார்வை இல்லை. நம் இலக்கணத்தில் இதற்குத் துணைவினை என்று பெயர், விடு, போ, கொள், போடு, வை, தொலை என்று பள்ளியில் படித்ததுதான். அதை நாம் பட்டியல் போட்டா கற்றோம்? சாப்பிட்டுத் தொலை என்பதற்கும் சாப்பிட்டுக்கொள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட அம்மாவின் குரலிலேயே தெரிந்துவிடும்.

அந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அகர வரிசை கிடையாது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அதற்கு நம் வாயில் என்ன வரும், இந்த மூன்றும் மட்டும்தான் எழுதுவேன். மலையேறி வருகிறவர்களிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி வந்து இறங்கிய ஒரு அம்மா, வெளுத்துப்போய் நின்ற பையனைக் காட்டி "ஹி த்ரூ அப் ட்வைஸ்" என்றார். த்ரோ என்றால் எறிவது, அப் என்றால் மேலே, பையன் ஜன்னல் வழியாக எதையோ மேலே எறிந்திருக்கிறான் என்று நினைத்து "இட்ஸ் ஓகே மேடம், சில்ட்ரன்" என்று சிரித்து வைத்தேன். பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறான்! ஆனால் நாம் சொல்வது மட்டும் என்ன ஒழுங்கு? வெளியே வருவதை வாந்தி எடுத்தான் என்கிறோம். அவர்கள் மேலே எறிகிறார்கள், நாம் எடுக்கிறோம்.

சில நேரம் இரண்டு மொழியும் அச்சில் வார்த்தது போலப் பொருந்தும். புட் ஆஃப் என்பதைத் தள்ளிப்போடு என்று எழுதினேன், புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி, எழுத்துக்கு எழுத்து சரி. ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் எல்லாவற்றிலும் அந்த அப் மேலே போகச் சொல்லவில்லை, மிச்சம் வைக்காமல் முடி என்கிறது, நம் சாப்பிட்டுவிடு, குடித்துவிடுவில் வருகிற விடு போல. கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன் என்று ஆன் வந்தால் பெரும்பாலும் நம் கொண்டே இரு. எல்லா இடத்திலும் இது செல்லாது, செல்லாத இடத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

ஒரே ஒரு விதியைச் சிவப்பு மையில் எழுதினேன். புட் ஆஃப் த டிரிப் என்றும் சொல்லலாம், புட் த டிரிப் ஆஃப் என்றும் சொல்லலாம், ஆனால் டிரிப்புக்குப் பதிலாக இட் வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்காரும், புட் இட் ஆஃப். புட் ஆஃப் இட் தப்பு. நாமும் விட்டே கொடுக்க மாட்டார் என்று நடுவில் ஒரு ஏகாரத்தைச் செருகுகிறோமே, அப்படி நினைத்துக்கொண்டால் போதும். லுக் ஆஃப்டர் போன்றவை பிரியவே பிரியாது, லுக் ஆஃப்டர் ஹெர்தான்.

இதற்கெல்லாம் ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரே 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்ற எழுத்தாளர் அச்சில் எழுதிய பிறகு பரவியதுதான், பெயரை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி. அதுவரைக்கும் வெள்ளைக்காரர்களும் எங்கள் மாஸ்டர் மாதிரிதான், பெயர் தெரியாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். அதே அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு எந்தச் சொல்லுக்கு என்று தெரியுமா? செட். செட் அப், செட் இன், செட் ஆஃப், செட் அசைட் என்று பக்கம் பக்கமாக ஓடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி கேரட், பீட்ரூட் துருவலைத் திணித்து அதையும் செட் என்று கூப்பிடுகிற சேலத்துக்காரன் நான், எனக்கு இது ஒன்றும் பெரிய ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, நமக்கு ஏற்கெனவே பாதி தெரியும், வேறு வேஷத்தில். பில்டப் கொடுக்காதே, கெட்டப் மாத்திட்டான், பிக்கப் டிராப் உண்டு, பஸ் பிரேக்டவுன், ஸ்டேஷன்ல லாக்கப், எல்லாம் அவர்கள் சரக்குதான். என் அம்மா ஆங்கிலமே படிக்காதவர், ஆனால் ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆன் பண்ணு என்கிறார். டர்ன் ஆஃப், டர்ன் ஆனில் இருக்கிற டர்னை வீசி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார், அந்தச் சொல்லில் வேலை செய்வது வால்தான் என்று அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

தப்புகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சமாளிப்பதை கோப் அப் வித் என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம், அங்கே அப் கிடையாது, கோப் வித்தான். பஸ்ஸிலிருந்து இறங்குவதை கெட் டவுன் என்கிறோம், அவர்களுக்கு அது கெட் ஆஃப். பஸ், ரயில் மாதிரி எழுந்து நடமாட முடிகிற வண்டி என்றால் கெட் ஆன், கெட் ஆஃப், உட்கார மட்டும் முடிகிற கார் என்றால் கெட் இன், கெட் அவுட். 2012இல் காலேஜிலிருந்து பாஸ் அவுட் ஆனேன் என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னேன், மயக்கம் போட்டு விழுந்ததாக நினைத்து இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டார். அதற்காக அஸ்தம்பட்டி ஸ்டாப்பில் கெட் டவுன் சொல்கிற கண்டக்டரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் சொன்னால் எல்லோரும் சரியாக இறங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது பார்த்துக்கொண்டால் போதும்.

விடுதி வேலையை விட்டு மலையிறங்கி வருஷங்கள் ஆகின்றன, இப்போது டவுனில் ஒரு ஆபீசில் இருக்கிறேன். மாஸ்டர் இன்னும் மேலேதான். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார், பேத்தி கல்யாணத்துக்கு அவசியம் வந்துவிட வேண்டும் என்று பேச ஆரம்பித்து, அவர் ஊர்ப் பக்கம் டவர் சரியில்லை, மண்டபம் பெயரைச் சொல்லும்போது குரல் துண்டு துண்டாக வந்தது.

"எந்த மண்டபம் மாஸ்டர்? கேக்கல!"

"தம்பி, யூ ஆர் பிரேக்கிங் அப்... பிரேக்கிங் அப்..."

காதல் முறிவதற்கு மட்டும்தான் பிரேக்கப் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். லைன் போய்விட்டது. நோட்டைத் தேடி எடுத்து எழுதி வைத்தேன். மண்டபம் எது என்று இன்னும் தெரியவில்லை, திரும்பக் கூப்பிட்டால் நாட் ரீச்சபிள்.