கூலி சேராத கணக்கு

வீலர் டீலர்ஸ் பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம். மைக் புரூவர் என்கிற கார் வியாபாரி ஒரு பழைய வண்டியைப் பேரம் பேசி வாங்கி வருவார். எட் சைனா என்கிற மெக்கானிக் அதைப் பிரித்து, பழுது பார்த்து, ஓட வைப்பார். அப்புறம் மைக் அதை விற்பார். 2003-ல் இங்கிலாந்தில் தொடங்கிய நிகழ்ச்சி. ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் கணக்கு சொல்வார்கள்: வாங்கின விலை இவ்வளவு, பாகங்களுக்கு இவ்வளவு, விற்றது இவ்வளவு, மிச்சம் லாபம்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். எட் சைனா நாள்கணக்காக வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தாரே, அவர் கூலி எந்த வரியில் இருக்கிறது? எங்குமே இருக்காது. அதைச் சேர்த்தால் முக்கால்வாசி எபிசோடுகளில் லாபம் காணாமல் போய்விடும் என்பது என் தொழில்முறை அபிப்பிராயம்.

ஆனாலும் விடாமல் பார்ப்பேன். காரணம் எட் சைனாதான். ஆள் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம், கையில் ஆரஞ்சு நிற ரப்பர் உறை. ஒரு பேரிங்கைக் கழற்றுவதற்கு முன் அது எதற்காக அங்கே இருக்கிறது, ஏன் தேய்ந்தது, கழற்றும்போது எது உடையக்கூடும் என்று பொறுமையாகச் சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார். (இதே மனிதர்தான் சோபாவுக்கு எஞ்சின் வைத்து, 1998-ல் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தவர். அந்தச் சாந்த முகத்துக்குள் இப்படியும் ஒன்று இருந்திருக்கிறது.)

2017-ல் அவர் விலகினார். புதிதாகப் பொறுப்பேற்ற தயாரிப்புத் தரப்பு பட்டறைக் காட்சிகளைக் குறைக்க நினைத்தது, அவற்றை எடுப்பது ரொம்பக் கஷ்டம் என்றார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை என்று அவரே விளக்கம் கொடுத்தார். அவருக்குப் பின் ஆண்ட் ஆன்ஸ்டெட் வந்தார், அப்புறம் ஃபார்முலா ஒன்னில் மெக்லாரன் அணியின் மெக்கானிக்காக இருந்த மார்க் பிரீஸ்ட்லி வந்தார். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். எனக்கென்னவோ ஒட்டவில்லை.

பட்டறையைக் குறைத்தால் இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் என்ன மிஞ்சும் என்பதற்கு அமெரிக்காவில் நிறைய உதாரணம் உண்டு. ஓவர்ஹாலின் என்று ஒன்று. சொந்தக்காரருக்குத் தெரியாமல், வண்டி திருட்டுப் போனது போல நாடகமாடித் தூக்கி வருவார்கள். கார் வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் தலைமையில் ஒரு கூட்டமே சேர்ந்து ஒரே வாரத்தில் புதுசாக்கிக் கொடுக்கும். ஃபூஸ் படம் வரையும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம், அந்தத் திருட்டு நாடகத்தைத்தான் சகிக்க முடியாது. டல்லாஸில் கேஸ் மங்கி கராஜ் நடத்தும் ரிச்சர்ட் ராலிங்ஸின் நிகழ்ச்சியில் ஸ்பேனரைவிட பியர் அதிகம் தெரியும்.

கார் எஸ்ஓஎஸ் என்கிற பிரிட்டிஷ் நிகழ்ச்சி வேறு ரகம். ஒருவர் பழுது பார்க்கத் தொடங்கி, நோயாலோ கஷ்டத்தாலோ பாதியில் விட்ட காரை அவர் வீட்டார் ரகசியமாக ஒப்படைப்பார்கள். டிம் ஷாவும் ஃபஸ் டவுன்ஷெண்டும் முடித்துக் கொடுப்பார்கள். ஃபஸ் முன்பு பாப் வில் ஈட் இட்செல்ஃப் என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். கடைசிக் காட்சியில் எல்லோரும் அழுவார்கள், நானும் அழுவேன். அழுதுவிட்டு, பின்னோக்கி ஓட்டி அடித்தட்டு வெல்டிங் செய்த இடத்தை மறுபடி பார்ப்பேன்.

பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளில் வெல்டிங் இவ்வளவு வருவதற்குக் காரணம் உப்பு. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டிக்கடியில் ஒட்டிக்கொண்டு கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை அரித்துத் தின்றுவிடும். எஞ்சின் நன்றாக இருந்தும் அடித்தட்டு போனதால் வருடாந்திரச் சோதனையில் தோற்று பழைய இரும்புக்குப் போன கார்கள் அங்கே ஏராளம். நாற்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2018-லிருந்து அந்தச் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஈரோட்டில் உப்புமில்லை, பனியுமில்லை. வண்டி நின்றால் பாகம் கிடைக்காமல்தான் நிற்கும்.

அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு, எத்தனையோ கை மாறி வந்தது. டிக்கியில் சாம்பிள் பைகள் கிடந்து கிடந்து அதன் கம்பளம் கடைசிவரை மஞ்சள் வாசத்தோடுதான் இருந்தது. இந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. மூலம் பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு, 1959. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து இங்கே செய்தது. பிரிட்டனில் வந்ததெல்லாம் இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்கு அது ஆகாதென்று 1968-ல் இவர்களே நாலு கதவு போட்டார்கள்.

ஹெரால்டு அப்படிப் பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. டிரையம்புக்கு பாடி செய்துகொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. சரி என்று சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தனியாகச் செய்து, துண்டு துண்டாகத் தகடுகளை வெவ்வேறு இடத்தில் அடிக்கச் சொல்லி, போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அந்தக் காலத்துக்கே அது பழைய முறை. ஆனால் பட்டறைக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

அதன் பானெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் வெளியே ஒவ்வொரு கொக்கி. இரண்டையும் எடுத்துவிட்டுத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட்டோடு வண்டியின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில். எங்கள் மேஸ்திரி முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, ஏதோ திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது போல நிதானமாக வேலை பார்ப்பார். பட்டறை பிருந்தாவன் ரோட்டில் ஒரு வேப்பமரத்தடி.

நான் பள்ளி விட்டு அங்கே போய் நிற்பேன். "அம்மிணி, அந்த ஆக்ஸா பிளேடு துண்டை எடுங்க" என்பார். உடைந்த பிளேடு ஒன்றைத் தகர டப்பாவில் வைத்திருப்பார், அறுப்பதற்கல்ல. ஸ்பார்க் பிளக்கின் முனையை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியில் அந்த பிளேடை விட்டுப் பார்ப்பார். லேசாகப் பிடித்து இழுத்தால் சரி. தொளதொளவென்று போனால் முனையை ஸ்பேனரால் ஒரு தட்டு. ஹெரால்டுக்கு இருக்கவேண்டியது 25 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.63 மில்லிமீட்டர் சுமார். ஆக்ஸா பிளேடின் கனமும் ஏறக்குறைய அதுதான். இதைப் பல வருடம் கழித்து ஒரு மேனுவலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அவர் மேனுவலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பாகம் வேண்டுமென்றால் மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ஆள் போகவேண்டும், இல்லையென்றால் சொல்லிவைத்து பார்சல் லாரியில் வரவேண்டும். அதுவும் இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்வதுதான். இங்கே யாரும் இதையெல்லாம் மறுசீரமைப்பு என்று சொல்லவில்லை. வேறு கார் வாங்க வழியில்லை, இதை ஓட்டியாகவேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் வாட்ஸாப் குழுக்களில் வரும் "அந்தக் கால கார் போல வருமா" வகை உருகல்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. எப்படி வரும்? மழை பெய்தால் கால் நனையும், பின்னால் மூன்று பெரியவர்கள் ஏறினால் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து வண்டி உட்கார்ந்துவிடும். திரும்புவதில் மட்டும் ஹெரால்டை அடிக்க ஆளில்லை. 25 அடிக்குள் வட்டமடித்துவிடும், மண்டிச் சந்துக்குள்ளேயே திருப்பிவிடுவார் அப்பா. உருகுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அம்பாசடர் கார் 2014-ல் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். ஏக்கத்துக்கு யாராவது விலை போட்டுப் பார்க்கவேண்டுமானால் இதைவிடத் தெளிவான வவுச்சர் கிடைக்காது.

இப்போது என் அண்ணனுக்கு ஹெரால்டு பித்துப் பிடித்திருக்கிறது. கோபிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் 1970 மாடல், நாலு கதவு, கோழி முட்டையிடும் நிலையில் கிடக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் விஏ என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் வெளியே எடுக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விஏ கிடையாது.

அங்கேதான் சிக்கல். பானெட்டைத் திறந்தால் உள்ளே வேறு ஏதோ வண்டியின் எஞ்சின். எந்தக் காலத்திலோ ஒரு மேஸ்திரி, பாகம் கிடைக்காமல், தாங்கிகளை வெட்டி ஒட்டி, கச்சிதமாக உட்காரவைத்திருக்கிறார். அந்த வேலை இல்லாவிட்டால் வண்டி அப்போதே எடைக்குப் போயிருக்கும். அந்த வேலையால் இன்று சட்டப்படி அது பழம்பெருமை வாய்ந்த வண்டி இல்லை. அண்ணனுக்கு மேஸ்திரி மேல் கோபம். நானோ அந்த வெல்டிங்கைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவு சுத்தமான வேலை.

அண்ணன் இப்போது அசல் எஞ்சினைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஸ்டாண்டர்டு பென்னன்ட் வண்டியிலும் இதே 948 சிசி எஞ்சின்தான். யார் கொட்டகையிலாவது ஒன்று கிடந்தால் சொல்லுங்கள். விலையை மட்டும் அண்ணனிடம் பேசாதீர்கள், என்னிடம் பேசுங்கள். நீங்கள் சொன்ன விலைக்கே அவர் வாங்கிவிடுவார்.