அமெரிக்க வீட்டு கராஜ் கதவு மோட்டாருக்கு ஒயரிங்

அரை குதிரைத்திறன் மோட்டார் 120 வோல்ட்டில் ஏறக்குறைய 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். 15 ஆம்பியர் சர்க்யூட்டே தாங்கும். புதிதாக இழுப்பதானால் 20 ஆம்பியர் பிரேக்கரும் 12 கேஜ் செம்புக் கம்பியும் போடுங்கள். 14 கேஜ் 15 ஆம்பியருக்கு மட்டுமே.

மோட்டாரின் கார்டு சுமார் 3 அடிதான். அதற்கு எட்டும்படி கூரையில் எர்த் உள்ள அவுட்லெட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது. 2008 முதல் தேசிய மின் விதிப்படி கூரை அவுட்லெட்டுக்கும் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு தேவை. ஆனால் ஜிஎஃப்சிஐ-யைக் கூரையிலேயே மாட்டினால் டிரிப் ஆகும்போதெல்லாம் ஏணி தூக்க வேண்டும், ரீசெட் பட்டன் கைக்கு எட்ட வேண்டும் என்ற விதியும் மீறப்படும். சுவரில் ஜிஎஃப்சிஐ வைத்து, அதன் ‘லோடு’ (மின்சாரம் வெளியே போகும்) முனையிலிருந்து மேலே இழுங்கள். ‘லைன்’ (மின்சாரம் உள்ளே வரும்) முனையில் சேர்த்தால் மேலே பாதுகாப்பே இருக்காது.

கதவின் இருபுறமும் வைத்து, குறுக்கே ஏதாவது இருந்தால் கதவை மூடவிடாமல் தடுக்கும் சென்சார் கண்கள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அவற்றின் மெல்லிய பெல் ஒயரை 120 வோல்ட் ஒயரோடு ஒரே பெட்டியில் நுழைக்காதீர்கள். சுவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் கதவு மூடுகிறதா? கோளாறு பெரும்பாலும் சென்சார் பக்கம்தான். கண்கள் ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி இருந்தால், அடுத்து அவற்றின் ஒயரில் ஸ்டேப்பிள் பின் அடித்த இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒயர் நசுங்கியிருக்கும்.