ஒரே பேனாவில் ஆறு மாத ரெஜிஸ்டர்

கோவைப் பக்கம் சின்ன லேத் பட்டறைகள் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்பதால்தான். அதில் தப்பில்லை. சான்றிதழ் 3 வருடம் செல்லும். நடுவில் வருடத்துக்கொரு கண்காணிப்பு ஆடிட்.

வினை அங்கேதான். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, தினமும் அளந்து எழுத வேண்டிய ரெஜிஸ்டரை மொத்தமாக நிரப்புவார்கள். ஷாஃப்ட் விட்டம் 25.00 மி.மீ., எல்லா நாளும் 25.00! எந்த லேத் அப்படி ஓடும்? டூல் தேயத் தேய 25.01, 25.02 என்று ஏறும். அந்த ஏற்றத்தை எழுதினால்தான் இன்செர்ட்டை (டூலின் வெட்டும் முனை) எப்போது மாற்றுவது என்று பிடிபடும்.

காலிபரேஷன் (அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) தேதி தாண்டிய மைக்ரோமீட்டருக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் முடிந்ததா? அது தப்பாகக் காட்டியிருந்தால், அதில் அளந்து அனுப்பிய சரக்கையும் திரும்பப் பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதை.