கொல்லையில் விட்டுவந்த சாரை

வீட்டுப் பக்கம் பாம்பு என்று நிலையத்துக்கு அழைப்பு வந்தால், போய்ப் பிடித்து வருவதுதான் தீயணைப்பு வீரரின் வேலை என்று ஊர் நினைக்கிறது. நாங்களும் பெரும்பாலும் அப்படியே நடந்துகொள்கிறோம். அந்த வழக்கத்துக்கு மாறாக, கண்ணெதிரே கிடந்த ஒரு சாரைப்பாம்பைப் பிடிக்காமல் விட்டுவிட்டு வந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அன்று எடுத்த முடிவு சரியானது என்றே இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டு மருமகள் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு நான் சற்றும் யோசிக்காமல் சொன்ன பதிலும் என்னை விட்டுப் போகவில்லை.

குறுவை அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டிருந்த சமயம் அது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், போருக்கும் அடுக்கிவைத்த செங்கல்லுக்கும் நடுவில் பாம்பு ஒதுங்கியிருந்தது. நல்ல பாம்பு என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது கழுத்து ஒடுங்கி, தலை தனியாகத் தெரிந்தது; கண் பெரிதாகவும் வட்டமாகவும் இருந்தது; உதட்டுச் செதில்களின் ஓரங்களில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள். கொக்கியை அருகில் கொண்டுபோனதும் கழுத்தைப் புடைத்துக்கொண்டு தொண்டைக்குள்ளிருந்து உறுமியது, படம் எடுக்கவில்லை. சாரைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வீட்டுப் பெரியம்மா பேசினார். “அதக் கொண்டுபோவாதீங்க தம்பி. அது ரொம்ப நாளா இந்தக் கொல்லையிலதான் கெடக்கு. அது இருக்கிற எடத்துக்கு நல்ல பாம்பு வராது.” இடுப்பில் குழந்தையோடு நின்ற மருமகள், “தவழ்ற புள்ளைய வச்சுக்கிட்டு எப்புடி சார் இருக்கிறது? புடிச்சிட்டுப் போயிடுங்க” என்றார். சாரைக்கு விஷமில்லை, வாலிலும் விஷம் கிடையாது, மாட்டின் மடியில் வாய்வைத்துப் பால் குடிக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை, எலிக்காகத்தான் அது இங்கே வருகிறது என்று நான் விளக்கினேன். அந்தப் பெண் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உங்க வீட்டுல உங்க புள்ள தவழ்ந்துக்கிட்டு இருந்தா, இப்புடி விட்டுட்டுப் போவீங்களா சார்?”

“விட்டுட்டுத்தாம்மா போவேன்” என்றேன்.

அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. “நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க தம்பி” என்று பெரியம்மாவே முடித்துவைத்தார். சாரைப்பாம்பு, நச்சற்றது, வீட்டாருக்கு அறிவுரை வழங்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினேன்.

பிடித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது. சாக்கில் போட்டுக்கொண்டு போன பாம்பை ஆற்றங்கரைப் புதரிலோ காப்புக்காட்டு ஓரத்திலோ திறந்துவிட்டதும் எங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பாம்பின் பாடு அங்கேதான் தொடங்குகிறது. தன் இடத்தில் அதற்கு ஒவ்வொரு வளையும் தெரியும், எங்கே வெயில் காயலாம், எங்கே தவளை கிடைக்கும் என்பது தெரியும். வெகுதொலைவில் கொண்டுபோய் விட்ட பாம்புகளின் உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். அவை தங்காமல் அலைந்து திரிவதும், சொந்த இடத்திலேயே இருப்பவற்றைவிட அதிகமாகச் செத்துப்போவதும் அத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. பாம்பை எடுத்துவிட்டாலும் எலி அங்கேயேதான் இருக்கும். பாம்புகளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர்களில் ஓர் இருளர் பெரியவரும் உண்டு. அவர் கொல்லைக்குள் நுழைந்ததும் பாம்பைத் தேடமாட்டார். குனிந்து எலி வளைகளைத்தான் பார்ப்பார், வளை வாயிலில் மண் புதிதா பழையதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். சாரைத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு, 1978-இல் இருளர்களுக்கென்று தொடங்கப்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. நம் மருத்துவமனைகளுக்கு வரும் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் அங்கே எடுக்கிறார்கள். அந்த நான்கையும் அடையாளம் கண்டுகொள், மற்றதை வயலுக்கு விட்டுவிடு என்பதுதான் அவர் எனக்குச் சொன்னதன் சாரம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அந்தப் பெண்ணின் கேள்வி கரையவில்லை. அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளிலும் வயல்களிலும் வாழ்ந்தவர்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்ததற்கும் காரணம் இருக்கிறது. உதட்டுக் கோட்டைப் பார்த்து இனம் பிரிக்க எனக்குப் பயிற்சி உண்டு, கையில் டார்ச்சும் கொக்கியும் உண்டு, காலில் பூட்ஸ் உண்டு. இரவில் மின்சாரம் போன நேரத்தில் கொல்லைக்கதவருகே ஒரு நீளம் அசைவதைப் பார்க்கும் தாய்க்கு அது எந்தப் பாம்பு என்று தெரிய வழியில்லை. போதாததற்கு, என் பிள்ளைகள் தவழ்ந்தது குடியிருப்பின் மாடியில், சிமெண்ட் தரையில். ‘விட்டுட்டுத்தாம்மா போவேன்’ என்று நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் நிலை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. சாரை இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பு வராது என்று பெரியம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. அப்படியொரு காவல் கிடையாது என்பதை நான் அறிவேன். இரண்டும் ஒரே எலியைத் தேடித்தான் வருகின்றன. சாரை வசிக்கும் கொல்லைகளிலிருந்து நல்ல பாம்பைப் பிடித்துச் சென்றிருக்கிறேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் அச்சம் கூடியிருக்கும், ஓர் உயிர் அந்த இடத்தை இழந்திருக்கும். சாரை எலியைக் குறைப்பதால் பெரியம்மாவின் பேச்சில் பாதியாவது உண்மை என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் விட்டுச்செல்வதற்கு அந்த நம்பிக்கை எனக்குத் துணையாக நின்றது. அந்தத் துணையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு அதே தெருவில் வேறொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை உண்மையிலேயே நல்ல பாம்பு. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது கூட்டத்தில் அந்தப் பெரியம்மாவும் நின்றிருந்தார். “அன்னைக்கு நீங்க விட்டுட்டுப் போனீங்களே தம்பி, அத மறாநாளே அடிச்சிட்டாங்க” என்றார். யார் என்று கேட்டேன். “யாரோ அடிச்சாங்க” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை ஒருமுறை பார்த்தார். அதன் பொருளை வாயால் சொல்லவில்லை. சாரை போனதால்தான் இது வந்தது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். மழைத் தண்ணீர் வளைகளை நிரப்பும்போது எந்தத் தெருவிலும் இது நடக்கும். இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. இல்லை என்று அவரிடம் அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

சாரையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். அதைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். அதற்காக ஒரு கைக்குழந்தைக்காரியின் வீட்டுக்கு விசாரணையை அனுப்ப எனக்கு மனமில்லை. அடித்தது அவர்கள் வீட்டார்தான் என்றும் எனக்குத் தெரியாது. பிடித்துச் சென்றிருந்தால் பாம்பு பிழைத்திருக்கும் என்று சக வீரர் ஒருவர் சொன்னார். பிழைத்திருக்கலாம், என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ புதரில் சில வாரம் கழித்துச் செத்திருக்கவும் கூடும். அந்த இரண்டாவது சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதாலேயே நமக்கு அது எளிதாக இருக்கிறதோ என்று சில நேரம் தோன்றும்.

இப்போது வீட்டார் கேட்டால் சாரையையும் பிடித்துவிடுகிறேன். வெகுதூரம் கொண்டுபோகாமல், ஆள் நடமாட்டமில்லாத வரப்போரம் எங்காவது பக்கத்திலேயே விடுகிறேன். போரைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், செங்கல்லைக் கிளறி அடுக்குங்கள், குழந்தையைத் தரையில் தூங்கவைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆனால் புதிதாகப் பணிக்கு வரும் பிள்ளைகளிடம், சாரை என்றால் விட்டுவிடுவதே நல்லது, வீட்டார் சம்மதித்தால் போதும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருவன், “வீட்டார்னா யாருங்க சார், மாமியாரா மருமகளா?” என்று கேட்டான். இரண்டு பேரிடமும் கேள் என்றேன். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் என்ன செய்வது என்று அவன் அடுத்துக் கேட்டதற்கு, அந்தக் குழந்தையை யார் தூக்கி வைத்திருக்கிறார்களோ அவரிடம் கொஞ்சம் கூடுதலாக நின்று பேசு என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.