கேட் சோதனையில் சிக்காத பொருள்கள்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு வண்டி தொழிற்சாலைக்குள் நுழைந்தால் கேட்டில் ஆர்.சி., இன்சூரன்ஸ், டயர், சீட் பெல்ட் எல்லாம் பார்ப்பார்கள். ஓட்டுநர் காலடியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் அபூர்வம். வாகனப் பாதுகாப்பு வேலையில் இருப்பவருக்கு முதலில் கண் போக வேண்டியது அங்கேதான்.

வேலூர் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. அதை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் செருகி வைப்பதில்தான் வம்பு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்வரை அது இருக்கிற இடம் தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வண்டியின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் முன்னால் உருண்டு பெடலுக்கு அடியில் போய் நிற்கும். மூடி இறுகிய முழு பாட்டில் நசுங்காது. பெடல் பாதியிலேயே நின்றுவிடும். காலி பாட்டில் நசுங்கும், ஆனால் பெடலுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும்.

அப்படி ஆனால் குனிந்து எடுக்கக் கூடாது. பார்வை சாலையை விட்டு விலகும், கூடவே ஸ்டீயரிங்கும் இழுத்துக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். பிறகு ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இடது ஓரம் கட்டலாம். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சறுக்கும். இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் உதவியும் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும்.

செருப்பும் இதே வகைதான். ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. உள்ளூர் ஓட்டுநர் காலில் இருப்பதோ ரப்பர் செருப்பு. அதையும் கழற்றி கிளட்ச் ஓரம் விட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்டுவார். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பக்கத்து சீட்டுக்குக் கீழே வைக்கட்டும். பழைய தரை மேட்டின் மேல் புது மேட் விரிக்கும் பழக்கமும் வேண்டாம். மேல் மேட் கொக்கியில் மாட்டாது. முன்னால் நகர்ந்து ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடிக்கும். இந்தக் காரணத்துக்காகவே டொயோட்டா 2009இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது.

அடுத்தது சாவிக்கொத்து. வீடு, பீரோ, கடை ஷட்டர், போதாததற்குத் திண்டுக்கல் பூட்டின் சாவி ஒன்று (அதுவே கால் வண்டிக் கனம்). இத்தனையும் இக்னிஷனில் தொங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடி ஆடி உள்ளே இருக்கும் ஸ்விட்ச் தேயும். தேய்ந்த ஸ்விட்சில் ஒரு குலுக்கலோ முழங்கால் இடியோ போதும், ஓடும்போதே வண்டி அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாமல் போகலாம். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழுது நீக்கும்வரை வளையத்தில் வண்டிச் சாவியைத் தவிர எதுவும் வேண்டாம் என்றுதான் உரிமையாளர்களிடம் சொன்னார்கள்.

டாஷ்போர்டில் பிள்ளையார் வைப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். அப்போது டாஷ்போர்டு மூடிக்குக் கீழே வெறும் தகரம்தான். 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களில் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அந்தப் பை விநாடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் மூடியைக் கிழித்துக்கொண்டு வரும். மேலே ஒட்டியிருக்கும் சிலை நேரே பயணியின் முகத்துக்கு வரும். ஏர்பேக் என்று பொறித்த மூடியின் மேல் சிலை, போன் ஹோல்டர், சென்ட் பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. சாமி நடுவில், மூடியைத் தாண்டி, சிறிய படமாக ஒட்டியிருக்கட்டும்.

பின்கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் டிபன் கேரியருக்கும் கணக்கு உண்டு. 50 கி.மீ. வேகத்தில் வண்டி மோதி நின்றால், ஒரு கிலோ பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் விசையோடு பின்மண்டையைத் தாக்கும். டிக்கியில் வைத்தால் வேலை முடிந்தது. டியோடரன்ட் டப்பாவை 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. மே மாதம் மூடிக் கிடக்கும் கார் அதைச் சுலபமாகத் தாண்டும். லைட்டருக்கும் அதே கதி. தலைக்குப் பின்னால் பெரிய கொண்டை கிளிப் போட்டிருந்தால் தலை ஹெட்ரெஸ்ட்டில் படியாது. பின்னாலிருந்து இடித்தால் கிளிப்பின் பற்கள் தோலில் இறங்கும்.

இரு சக்கர வண்டியில் ஆபத்து இன்னும் வெளிப்படை, கவனம் இன்னும் குறைவு. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிப்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம். ஷிப்டு முழுக்க அதைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள், கேட்டைத் தாண்டியதும் துப்பட்டாவையும் அடையாள அட்டைக் கயிற்றையும் பறக்கவிட்டு பைக்கில் ஏறுகிறார்கள். 40 கி.மீ. வேகத்தில் பைக்கின் பின்சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 6 சுற்று சுற்றுகிறது. ரெண்டேகால் மீட்டர் துப்பட்டா செயினில் பட்டால் அவ்வளவும் உள்ளே போக ஒரு விநாடிகூட ஆகாது, கழுத்தில் சுற்றியிருந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு (சேலை கார்டு) இருக்க வேண்டும். அழகாக இல்லை என்று ஷோரூமிலேயே கழற்றச் சொல்பவர்கள் உண்டு. சேலை கார்டு இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிப் பின்னால் முடிச்சிட வேண்டும். அட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். கழுத்தில்தான் போட வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், இழுத்ததும் தானே பிரியும் பிளாஸ்டிக் கிளிப் வைத்த கயிறாகக் கேட்டு வாங்குங்கள்.