வெட்டினாத்தான் இழுவை தெரியும்

பிசிக்ஸ் படிச்சவளுக்கு ஈ முட்டைல என்ன வேலைன்னு ஊர்ல கேக்காத ஆளே இல்ல. பெங்களூர்ல பெல்லாரி ரோடு பக்கம் ஒரு லேப்ல பழ ஈயோட கரு வளரும்போது திசு எப்படி நகருது, எந்த விசை நகர்த்துதுன்னு பாக்கறதுதான் என் வேலை, இதை விட்டுட்டு வேற எதுக்கும் போக எனக்கு மனசே வரல.

முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். 25 டிகிரில வச்சா சுமார் மூணு மணி நேரத்துல 6000 செல் ஒரே அடுக்கா மஞ்சக்கருவைச் சுத்தி நிக்கும், அதுக்கப்புறம்தான் ஆட்டமே. வயித்துப் பக்கம் நடுவுல நீளமா ஒரு பள்ளம் விழுந்து அந்த செல்லெல்லாம் உள்ள போயிரும். அடுத்து ஜெர்ம்பேண்ட்னு சொல்ற, பின்னாடி உடம்பாகப் போற பகுதி நீள ஆரம்பிக்கும், கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு, ஆனா ஓடு நீளாதுல்ல, அதனால வால் முனை மடங்கி முதுகு வழியா தலைப் பக்கம் வந்து நிக்கும்.

இதுல ஒவ்வொரு செல்லும் இழுபட்டு நீளமாகுதுன்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். பெரும்பாலும் அப்படி இல்ல, செல்லுங்க பக்கத்து ஆளை மாத்திக்குது. முன்னும் பின்னுமா ஒட்டியிருந்த ரெண்டு செல்லுக்கு நடுவுல இருக்கற விளிம்பு சுருங்கி சுருங்கி புள்ளியாகும், மேலயும் கீழயும் இருந்த ரெண்டும் அங்க வந்து ஒட்டிக்கும். சுருங்கற அந்த விளிம்புலதான் மயோசின் அதிகமா சேருதுன்னு 2004ல பிரான்ஸ்ல தாமா லெக்வி குழு காட்டினாங்க. நம்ம தசையை இழுக்கற மயோசினோட சொந்தக்கார புரதம்தான் அது.

மயோசினை ஒளிர வச்சு மைக்ரோஸ்கோப்ல பாக்கறப்ப, எங்க பளிச்னு இருக்கோ அங்க விசை இருக்குன்னு எழுதிடத் தோணும். எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. புரதம் எவ்வளவு இருக்குன்னுதான் வெளிச்சம் சொல்லும், அது எவ்வளவு இழுக்குதுன்னு சொல்லாது. அதுக்கு அந்த விளிம்பை லேசரால வெட்டிப் பாக்கணும்.

முட்டையை ப்ளீச்ல ரெண்டு நிமிஷம் போட்டா வெளி ஓடு கரைஞ்சிரும், உள் ஓடு கண்ணாடி மாதிரி நிக்கும். பிரஷ்ஷால ஒவ்வொண்ணா எடுத்து ஒரே பக்கமா அடுக்கி ஹேலோகார்பன் எண்ணெய் ஒரு சொட்டு விடணும், கரு மூச்சு விடும், காயாது. சங்கரன்கோவில்ல இருந்து வந்த ஒரு தம்பி போன மாசம் பக்கத்துல உக்காந்து முதல் தடவை வெட்டினான். மயோசின் சேர்ற, அந்த சுருங்கற விளிம்பு அறுந்ததும் ரெண்டு முனையும் வெடுக்குனு விலகிச்சு, சில செகண்ட்ல அடங்கிருச்சு. அடுத்து படுக்கை வாக்குல இருந்த விளிம்பை வெட்டினான், அது சோம்பலா கொஞ்சம் நகந்துச்சு.

"அக்கா, ரெண்டும் ஒரே செல்லோடதுதானே, ஏன் இப்படி?"

"முதல்ல வெட்டினதுல இழுவை ஜாஸ்தி, அதனாலதான்டா."

"அப்போ எத்தனை நியூட்டன்னு சொல்லிரலாமா?"

சரியான கேள்வி. சொல்ல முடியாது. இந்த அளவுல நிறைக்கு மதிப்பே இல்ல, உராய்வுதான் ராஜா, முனை விலகற வேகம்ங்கறது இழுவையை உராய்வால வகுத்தது. உராய்வு தெரியாதவரை இந்த விளிம்பு அந்த விளிம்பை விட இத்தனை மடங்கு இழுக்குதுன்னு மட்டும்தான் நேர்மையா சொல்லலாம், அதுவும் ரெண்டு இடத்துலயும் உராய்வு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாத்தான். இந்த 'வச்சுக்கிட்டா'வை பேப்பர்ல ஒரு வரில தாண்டிப் போறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

வெப்பநிலையும் அப்படித்தான். 18 டிகிரில கரு வளர சுமார் ரெட்டிப்பு நேரம் ஆகும், டிசம்பர் ராத்திரி இந்த ஊர் குளிர்ல ரூமை கவனிக்காம எடுத்த வீடியோவையும் மே மாச வீடியோவையும் பக்கத்துல வச்சு வேகத்தை ஒப்பிட்டா அர்த்தமே இல்ல, அதனால தெர்மாமீட்டரை மைக்ரோஸ்கோப் ஸ்டேஜ்லயே வைக்கச் சொல்லிருக்கேன்.

உராய்வுல இன்னொரு சிக்கலும் இருக்கு. கரு உள் ஓட்டுக்குள்ள சும்மா வழுக்கிட்டு போகல, சில இடத்துல இன்டெக்ரின்ங்கற, செல் வெளிய பிடிச்சுக்க உதவற புரதம் வழியா ஓட்டைப் பிடிச்சுக்குதுன்னு 2019ல தெரிஞ்சது, பழ ஈல வால் பக்கம் அந்தப் பிடி இருக்கு. அப்போ வால் பக்கத்து வெட்டையும் நடு உடம்பு வெட்டையும் ஒரே கணக்குல போட முடியுமா? தம்பியும் நானும் இப்ப அந்தப் பிடிக்குப் பக்கத்துல ஒரு வரிசை, தள்ளி ஒரு வரிசைன்னு வெட்டிட்டு இருக்கோம்.