பதிலீடு வந்தால்தான் விடுவிப்போம் என்றார்கள்

இடமாற்றக் கடிதம் 2024 டிசம்பரில் வந்தது. எனக்குப் பதிலாக வேறு ஆசிரியர், அதாவது பதிலீடு, வந்தால்தான் விடலாம் என்று சொல்லிச் சொல்லி, பாடசாலையிலிருந்து என்னை விடுவித்தது 2025 ஓகஸ்ட்டில். நடுவில் போன எட்டு மாதத்தைப் பற்றித்தான் இது. எங்கள் வானில் வந்த இரண்டு ரீச்சர்மார் இப்போது அதே இடத்தில் நிற்கிறார்கள், ஒவ்வொரு இரவும் போனில் துண்டுதுண்டாகச் சொல்வதை விட முழுதாக எழுதிவிடலாம் என்று பட்டது. வேறு யாருக்காவது உதவினாலும் நல்லது.

நான் கணித ஆசிரியை. பட்டதாரி நியமனம், 2017. வீடு யாழ்ப்பாணத்தில், பாடசாலை வன்னியில். எந்தப் பாடசாலை, எந்த வலயம் என்று சொல்லப்போவதில்லை, அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் என் ஆட்கள். நியமனக் கடிதத்தில் அங்கே ஐந்து வருடம் வேலை செய்யவேண்டும் என்று இருந்தது. ஐந்து முடிந்து, ஆறும் முடிந்து, ஏழாவது வருடம் நடக்கும்போதுதான் வருடாந்த இடமாற்றப் பட்டியலில் என் பெயர் வந்தது.

விடிய நாலு மணிக்கு எழும்பினால்தான் ஐந்தேகாலுக்கு வானைப் பிடிக்கலாம். பதினாலு பேர், எல்லோரும் ஆசிரியர்கள், மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ஓடுகிற வான். சாவகச்சேரி தாண்டும்வரை நித்திரை, ஆனையிறவில் காற்று முகத்தில் அடிக்கும்போது எழும்பிச் சேலையைச் சரிசெய்வோம், ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கிரவல் ரோட்டு, மாரியில் வான் பாதியிலேயே நின்றுவிடும், மிச்சத்துக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடை. ஏழரைக்கு மணி அடிக்க முன்னம் கையெழுத்து வைக்கவேண்டும், பிந்தினால் இடாப்பில் சிவப்புக் கோடு. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் நான் வீட்டு வாசலை மிதிக்க நாலு மணி ஆகிவிடும். என் மகள் நடக்கத் தொடங்கிய நாளை எனக்கு அம்மாதான் போனில் சொன்னா.

"வாத்திமாருக்கு என்ன, அரை நாள் வேலை, மாசத்துக்கு ஒருக்கா லீவு" என்று ஊரில் கதைப்பார்கள். 2025 இல் பாடசாலை நேரத்தை ஒன்றரையிலிருந்து இரண்டு மணிவரை நீட்டப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்க, முகநூலில் எல்லோரும் அதே வசனத்தை எழுதினார்கள்: அரை மணித்தியாலம் கூட நிற்க மாட்டினமாம். அரை மணித்தியாலம் நிற்பது எனக்குப் பெரிய விசயமில்லை. ஆனால் பாடசாலை இரண்டு மணிக்கு விடுகிறது என்பதற்காக அதே ரோட்டில் அந்த நேரத்துக்கு எங்களுக்கு ஒரு பஸ் வந்துவிடாது, பின்னேர பஸ்ஸைப் பிடித்து ஏழு கிலோமீற்றர் நடந்து வீடு போகிற என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வராது. அதை யாரும் கேட்கவில்லை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் வேறு உடையில் பாடசாலைக்குப் போனபோதும் நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. கலாசாரம் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். சேலையோடு கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போகிறவளுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று எழுதியவர்கள் குறைவு.

2022 யூன், யூலையில் எரிபொருள் இல்லாமல் வான் ஓடவில்லை. பாடசாலைகளை மூடினார்கள், திறந்தார்கள், திரும்ப மூடினார்கள். திறந்திருந்த கிழமைகளில் என் மாணவி ஒருத்தியின் வீட்டில்தான் தங்கினேன். அவளுடைய அம்மா காசு வாங்கவில்லை. இரவில் குப்பி விளக்கில் அந்தப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சமன்பாடு செய்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடமாற்றம் கேட்கிற ஆசிரியர் என்றதும் அவர் வன்னிப் பிள்ளைகளை வெறுத்து ஓடுகிறார் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் இருந்தது அப்படியான மனம் இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

கடிதத்தில் 2025 ஜனவரி முதல் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் என்று இருந்தது. அதைக் கொண்டுபோய் அதிபரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனுசன், அதை முதலே சொல்லவேண்டும். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ரீச்சர், நான் உங்களைப் பிடிச்சு வைக்கேல்லை. பதிலீடு இல்லாமல் விடவேண்டாமெண்டு மேல இருந்து சொல்லியிருக்கினம். நீங்கள் போனால் பத்துக்கும் பதினொண்டுக்கும் ஆர் கணிதம் படிப்பிக்கிறது?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நான் இல்லை என்பது எனக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் எடுத்தது.

அந்த மூன்று மாதமும் நான் விட்ட பிழை, எல்லாவற்றையும் வாயால் கேட்டதுதான். லீவு போட்டுவிட்டுக் கல்விப் பணிமனைக்கு நாலு தரம் போனேன். ஒரு நாள் உரிய அதிகாரி கூட்டத்தில், இன்னொரு நாள் கொழும்பில், மற்ற நாள் இருந்தார், "அடுத்த நியமனத்தோட ஆள் வரும் ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ" என்று அன்பாகத்தான் சொன்னார். நாலாவது தரம் போனபோது முன்னைய மூன்று தரம் நான் போனதற்கு எந்தப் பதிவும் அங்கே இல்லை. நான் வந்ததே யாருக்கும் நினைவில்லை. அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார், அப்பாவின் கூட்டாளி, நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்னார்: "பிள்ளை, கந்தோரில கதைச்சதுக்குச் சாட்சி இல்லை. எழுதிக் குடு, எழுதித் தரச் சொல்லு." அவர் காட்டியபடி செய்தேன். அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கடிதத்தை அதிபர் ஊடாக அனுப்பவேண்டும், நேரே அனுப்பினால் "உரிய வழியூடாக வரவில்லை" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பாடசாலை முத்திரையும் திகதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். அதிபர் ஊடாகப் போகிற கடிதம் போய்ச்சேர முன்னமே கிடைக்கும்படி அதன் பிரதி ஒன்றை அன்றைக்கே பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதத்தோடேயே ஒட்டிவைக்கவேண்டும், தனியாக வைத்தால் தொலையும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. என் முதல் வரைவு மூன்று பக்கம், அதில் மகள், அம்மாவின் முழங்கால், நாலு மணிக்கு எழும்புவது எல்லாம் இருந்தது. மாமா அதையெல்லாம் வெட்டிவிட்டார். மிஞ்சியது: நியமனத் திகதி, நியமனக் கடிதத்தில் சொன்ன சேவைக்காலம், அது முடிந்த திகதி, இடமாற்றக் கடிதத்தின் இலக்கமும் திகதியும், இன்றுவரை விடுவிக்கப்படவில்லை, எப்போது விடுவிக்கப்படுவேன் என்று எழுத்தில் அறியத்தரவும். கல்வி அமைச்சின் ஆசிரியர் இடமாற்றச் சுற்றறிக்கை 2007/20 ஐயும் எடுத்து வாசிக்கச் சொன்னார். சுற்றறிக்கையை வாசிக்காமல் பணிமனைக்குப் போகவே கூடாது, அங்கே இருப்பவர்களில் பலருக்கே அது முழுதாகத் தெரியாது.

பதில் வரவில்லை. ஏப்ரலும் போனது.

இதற்கிடையில் ஒரு செய்தி காதுக்கு வந்தது. எனக்குப் பிறகு நியமனம் பெற்ற, என்னை விடக் குறைந்த காலம் அங்கே வேலை செய்த ஒருவர் பதிலீடு இல்லாமலே விடுவிக்கப்பட்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் ஒரு வீட்டுக் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை. அரசியல்வாதி ஒருவரின் கடிதம் எடுத்தால் ஒரு கிழமையில் முடியும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், ஒருவர் தானே எடுத்துத் தருகிறேன் என்றார். அப்படி எடுத்தால் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற, யாரையும் தெரியாத ஒருத்தி இன்னும் பின்னுக்குப் போவாள் என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன். அந்த முடிவை எடுத்த கிழமை வீட்டில் பெரிய சண்டை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிச் சொன்னது சங்கத்தில் இருந்த ஒரு சேர். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த அரச பணிமனையிலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும், நாங்கள் ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், வேலை நாள் பதினாலுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு மேலுள்ள அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மூன்று கிழமைக்குள் பதில், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என்னை ஏன் விடவில்லை" என்று கேட்டால் "பதிலீடு இல்லை" என்று ஒரு வரி வரும். மற்ற ஆசிரியர்களின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட விபரம் என்று மறுக்கலாம். எனவே பெயர் இல்லாமல் கேட்டேன். அந்த வருட இடமாற்றத்தில் வெளியே போக அனுமதி பெற்றவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரின் பாடம், அங்கே செய்த சேவைக்காலம், விடுவிக்கப்பட்ட திகதி, அந்தத் திகதிக்கு முன் பதிலீடு வந்ததா இல்லையா. கடைசியாக, பதிலீடு இல்லாமல் விடுவிக்கலாமா என்பதை யார், எந்தச் சுற்றறிக்கையின்படி முடிவு செய்கிறார்கள், அதன் பிரதி. ஒரு பக்கம்தான்.

கொடுத்த பத்தாம் நாள் போன் வந்தது. "என்ன ரீச்சர் இதெல்லாம், வந்து கதைச்சிருக்கலாமே." நாலு தரம் வந்து கதைத்தேன் என்று திகதிகளைச் சொன்னேன், அதற்குள் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். பதினாலு நாள் முடிந்தும் எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மேன்முறையீடு கொடுத்தேன். அதற்குப் பிறகு பதில் வந்தது, ஒரு அட்டவணை. பதிலீடு இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், என் பாடத்திலேயே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் என்னை விடச் சேவைக்காலம் குறைவு. சுற்றறிக்கை கேட்ட இடத்தில் "நிர்வாகத் தேவை கருதி" என்று மட்டும் இருந்தது.

அட்டவணையின் பிரதியை வைத்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு அதிபர் ஊடாக ஒரு முறையீடு எழுதினேன், அதுவும் ஒரு பக்கம். அதிபர் கையெழுத்து வைக்கும்போது, "இனி உங்களை மறிக்க எனக்கு வாய் இல்லை" என்றார், அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டாம் தவணை முடிகிற கிழமை விடுவிப்புக் கடிதம் வந்தது. பதிலீடு வரவில்லை.

இங்கேதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வந்து சேர்ந்த பாடசாலையில் என்னோடு சேர்த்துக் கணித ஆசிரியர்கள் ஆறு பேர், இருக்கிற பாடவேளைக்கு நாலு பேர் காணும். எனக்கு முதல் மாதம் பாதிப் பாடவேளைதான் தந்தார்கள், மற்ற நேரம் ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வன்னியில் நான் விட்டுவந்த பாடசாலையில் பதினோராம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. பெற்றோர்கள் பாடசாலைப் படலையை மூடி ஆசிரியர் கேட்டுப் போராடுகிற செய்தி வந்தால் யாழ்ப்பாணத்தில் எழுதுகிறார்கள், வாத்திமார் கொழுப்பெடுத்து வன்னிக்குப் போகாததால்தான் இந்த நிலை என்று. அந்தப் பெற்றோர் கேட்பது முழுக்க நியாயம், நான் அவர்களுடைய பக்கம். ஆனால் ஏழு வருடம் அங்கே நின்ற ஒருத்தியை இன்னும் எட்டு மாதம் மறித்து வைப்பதா அதற்கு மருந்து? தங்க ஒரு ஒழுங்கான ஆசிரியர் விடுதி இருந்திருந்தால், தண்ணீரும் கதவுக்குப் பூட்டும் உள்ள விடுதி, நான் மகளோடு அங்கேயே இருந்திருப்பேன். ஐந்து வருடம் முடிகிற நாள் நியமனம் கொடுத்த அன்றைக்கே தெரியும், அதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கலாம். நகரத்தில் மிதமிஞ்சி இருப்பவர்களைக் கணக்கெடுத்து அனுப்பலாம், அதில் யாருடைய உறவினர் என்று பார்க்காமல்.

சம்பளத்துக்காக 2021 யூலை 12 முதல் நூறு நாளுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினோம், 1997 இலிருந்து இழுபட்ட முரண்பாட்டுக்காக. 2024 யூன் 26 கொழும்பில் போராடிய ஆசிரியர்கள் மேல் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அந்தப் போராட்டங்கள் வேண்டும், நானும் கையெழுத்து வைத்தவள். ஆனால் இடமாற்றமும் விடுதியும் பஸ்ஸும் பற்றிச் சங்கங்கள் அதே சத்தத்தில் கேட்கவேண்டும் என்பது என் ஆதங்கம். வன்னியில் நிற்கிற இளம் ஆசிரியைகள் கூட்டத்துக்கு வரமுடியாது, கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்தில் நடக்கிறது.

அந்த வன்னிப் பாடசாலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். சனிக்கிழமைகளில் காலை பஸ்ஸில் போய் மூன்று மணித்தியாலம் படிப்பித்துவிட்டு வருகிறேன், பரீட்சை வரைக்கும். அதிபர் வகுப்பறைத் திறப்பை எடுத்துத் தருகிறார். 2022 இல் நான் தங்கிய வீட்டுப் பிள்ளையின் தம்பியும் அந்த வகுப்பில்தான், திரிகோண கணிதத்தில் நிற்கிறான், போன கிழமை இரவு வட்ஸ்அப்பில் கணக்கின் படத்தை அனுப்பி, "ரீச்சர், சனிக்கிழமை மழையெண்டாலும் வருவீங்களோ?" என்று கேட்டிருந்தான். வருவேன் என்று எழுதினேன்.